அளவுக் கம்பி

பறிமுதல் செய்த பைக் சைலன்ஸர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கையால் சைலன்ஸர் செய்கிறவர்கள் எல்லோரும் சத்தத்தைக் கூட்டத்தான் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். நாமக்கல் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "கொல்லிமலைக்கு வா. சத்தத்தை அடக்கறதுக்குன்னே நாப்பது வருசமா பைப் வளைக்கிற ஆளைக் காட்டறேன்" என்றார்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். செம்மேடு தாண்டி, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. வீட்டோடு ஒட்டிய தகரச் சாய்ப்புதான் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. சாய்ப்பில் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று கல் முட்டுக் கொடுத்து நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் தெரிந்தன.

மேஸ்திரி வெளியே வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். கழற்றிய சைலன்ஸரை மடியில் கிடத்தி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். இந்த மலையில் பலாப்பழத்தை அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். "முன்னால கெட்டியா இருக்குதுங்க. வால் பக்கம் போயிருச்சு" என்று சொல்லி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். ஈரக் காகிதத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. கவிழ்த்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது.

மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். இல்லை, இன்ஜின் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோலோ டீசலோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் புகையோடு போகிறது. வண்டி நெடுந்தூரம் ஓடினால் குழாயின் சூட்டில் அந்த ஆவி முழுவதும் வெளியேறிவிடும். மலையில் அப்படி ஓட்டம் ஏது? தோட்டத்திலிருந்து சந்தை, சந்தையிலிருந்து வீடு. குழாய் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தேங்கி, உள்ளிருந்து தகட்டைத் தின்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும்போதே உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். அதனால் அவர் செய்யும் ஒவ்வொரு சைலன்ஸரின் அடியிலும், தாழ்ந்த இடம் பார்த்து, ஒரு சிறிய துளை போடுகிறார்.

அந்தச் சாய்ப்பில் என்னை நிறுத்திவைத்தது சுவர்தான். சுவர் முழுக்க வளைந்து நெளிந்த கம்பிகள். சுண்டுவிரலைவிட மெல்லியவை. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தகரத் துண்டு. ஆணியால் புள்ளி புள்ளியாக எழுதிய பெயர்: ஜீப், அம்பாசடர், மாருதி 800, டிராக்ஸ், 407.

"இது என்னங்க ஐயா?"

"அளவுக் கம்பி, தம்பி. இது இல்லாட்டி நான் இல்லை."

புதுக் கம்பி ஒன்றோடு ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். நானும் படுத்துக்கொண்டு பார்த்தேன். இன்ஜினிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் கம்பியின் ஒரு முனையை வைத்தார். கியர் பாக்ஸ் வருகிறது, ஒதுங்கி ஒரு வளைவு. ஆக்சில் மேலும் கீழும் ஆடும், அதற்கு மேலே எழும்பி ஒரு வளைவு. டீசல் டாங்கியிடமிருந்து ஒரு கை தள்ளி இன்னொன்று. கையாலேயே வளைத்து, விலக்கிப் பார்த்து, மறுபடி வளைத்து, பின்பக்க பம்பர் வரை கொண்டுபோனார். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே எடுத்தபோது, அந்த வண்டியின் வயிற்றில் புகை போகவேண்டிய பாதை முழுவதும் அவர் கையில் இருந்தது. நாற்பது வருடத்தில் தான் அடியில் படுத்த வண்டிகள் அத்தனையின் பாதையையும் இப்படிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். ஒரு நூலகத்துக்குள் நிற்கும் உணர்வுதான் எனக்கு வந்தது.

இனி இரும்புக் குழாய் அந்தக் கம்பியைப்போல் வளைய வேண்டும். வெறுமனே வளைத்தால் உள்வளைவு நசுங்கிப் புகைக்கு வழி அடைபடும். ஆகவே ஆற்று மணலைச் சட்டியில் வறுத்து, குழாயில் போட்டுத் தட்டித் தட்டி இறுக்கி, இரு முனையிலும் மரக்கட்டை அடித்து, காஸ் நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறார். மணலில் ஈரம் மிஞ்சினால் நீராவி கட்டையைத் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே தள்ளிவிடும். அவருடைய இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. "பதினாறு வயசுல அவசரப்பட்டதுங்க" என்றார்.

சைலன்ஸருக்குள் தடுப்புத் தகடுகளையும் துளையிட்ட குழாயையும் எந்தக் கணக்கில் வைக்கிறார் என்பது எனக்குப் பிடிபடவில்லை. அறை அறையாகத் தடுத்தால் சத்தம் தன்னையே மோதி அடங்கும் என்ற மட்டில் புரிந்தது.

அவர் இந்த மலைக்காரர். பதினான்கு வயதில் நாமக்கல்லுக்கு இறங்கி, லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு பிடிக்கும் பையனாகச் சேர்ந்தார். கண்ணாடி இல்லாமல் ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்து, இரவெல்லாம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் துடித்த நாட்களைச் சொன்னார். தாய்ப்பால் விட்டுப் படுக்க வைப்பார்களாம். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்த இரவுகளில் குளிர்காய்ச்சல் வரும், காலையில் போய்விடும், மறுபடி வேலைக்குப் போவார். வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது. அவர் முகத்தில் இன்றும் ஒரு துண்டுதான் கட்டியிருக்கிறார். அது போதாது என்று சொன்னேன். சிரித்தார்.

மலைக்குத் திரும்பியதற்குக் காரணம் கேட்டேன். பனிக்காலத்தில், கண்ணாடி ஏற்றிய ஜீப்பில் வந்த உறவுக்காரர்கள் தலைவலி, வாந்தி என்று மயங்கிச் சரிந்தார்களாம். குழாயின் மூட்டு விட்டுப் புகை உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. சில சமயம் தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். இந்த மலையின் கதைகளில் வரும் கொல்லிப்பாவை சிரித்து மயக்கிக் கொல்லும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இதுவும் அப்படித்தான் வருகிறது. அன்றைக்கு ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் கீழே போகவில்லை.

இப்போது நகரத்தில் பழைய ஜீப்பைப் புதுப்பித்து ஓட்டும் ஆசை பெருகியிருக்கிறது. அந்த வண்டிகளுக்கான குழாய்களும் இந்தச் சாய்ப்பில்தான் வளைகின்றன. நடுவில் புரோக்கர். மூன்று நாள் வேலைக்கு மேஸ்திரிக்குக் கிடைத்த கூலி 1,800 ரூபாய். அதே வேலைக்கு வண்டிக்காரர் கொடுத்தது 14,000 என்று நண்பர் சொன்னார். வண்டிக்காரருக்கு இவர் பெயர் தெரியாது. இவருக்கு வண்டிக்காரரின் முகம் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பதுதான் அந்த வியாபாரத்தின் முதல்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. பிறகு நாடெங்கும் வந்தது. அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சில கிராம் இருக்கின்றன. 2021-ல் ரோடியம் தங்கத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை போனது. "மைலேஜ் கூடும், அதைக் கழற்றிவிட்டு நேர் பைப் போட்டுவிடலாம்" என்று வண்டிக்காரரிடம் சொல்வதும் புரோக்கர். கழற்றியதைப் பழைய இரும்பு என்று எடுத்துக்கொண்டு போவதும் அவரே. விஷப் புகை ஊருக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் ஓட்டுகிறவருக்கு. பழி வெல்டிங் வைத்தவருக்கு. விவரம் தெரியாமல் மூன்று வண்டிகளில் கழற்றிக் கொடுத்ததாக மேஸ்திரி சொன்னார். தெரிந்த நாளிலிருந்து அந்த வேலையைத் தொடுவதில்லை. புரோக்கர் கொண்டுவரும் வண்டிகள் பாதியாகக் குறைந்துவிட்டன.

சாயங்காலம் ஜீப் கிளம்பியது. சாய்ப்பைத் தாண்டியதும் டயர் சரளையில் அரைபடும் ஒலி இன்ஜின் ஒலிக்கு மேலே கேட்டது.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சைலன்ஸர் வேலை வந்தால் பட்டறை வரை நீங்களே போங்கள். குழாயை வளைத்தவர் யார் என்று கேட்டு, கூலியை அவர் கையில் கொடுங்கள். கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.