பீப் சத்தத்தை நம்பாதே!

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு நம் கல்லூரியில் ஆள் ஏராளம்! எனக்குத் தெரிந்தது ஸ்பானரும் மல்டிமீட்டரும்தான். ஆகவே, நான் அசடு வழிந்த கதை ஒன்றை எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் போய்விடாதீர்கள். நாளை உங்கள் வீட்டு வண்டிக்கும் உதவும்.

என் தாய்மாமா கால் டாக்ஸி ஓட்டுகிறார். 2014 மாடல் டீசல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தவணை இன்னும் முடியவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் இன்ஜின், ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் என்று எல்லா விளக்கும் கார்த்திகை தீபம் மாதிரி எரியும். மறு நொடி மொத்தமும் அணையும். நாலு தடவை திருப்பினால் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகும். சவாரி ஏற்றும் சீசனில் வண்டி வாசலில் நின்றது.

ஒரு சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "ஈ.சி.யூ. போச்சு, மாத்தணும், 45,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே... ஒரு தடவை பாத்துச் சொல்லுடா. நீ சொன்னா மாத்திடறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை! சீனியர் அண்ணன் ஒருவரிடம் ஸ்கேனர் இரவல் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் சொருகினேன். (ஓ.பி.டி.-2 என்கிறோமே, அதுதான். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயம். நம் நாட்டுக் கார்களில் 2013 ஏப்ரலிலிருந்து.) இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று பி0562: வோல்டேஜ் குறைவு. இன்னொன்று யு0100: இன்ஜின் ஈ.சி.யூ.வோடு தொடர்பு இல்லை.

பேட்டரியைப் பார்த்தேன், 12.5 வோல்ட். நல்ல பேட்டரி. எர்த் வயரில் மீட்டரை கன்டினியூட்டியில் வைத்தேன். 'பீப்' என்றது. எர்த்தும் நல்லது! டாக்டர் தோரணையில் நிமிர்ந்து, "அவங்க சொன்னது சரிதான் மாமா, ஈ.சி.யூ.தான்" என்றேன். மாமா ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் மாலை மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை காபி கொண்டுவந்து வைத்தார். கழுத்தில் தாலிச் செயின் இல்லை, மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அந்தக் காபி எனக்கு இறங்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி குடைந்தது. ஈ.சி.யூ. செத்துப்போயிருந்தால், வோல்டேஜ் குறைவு என்று கோடு போட்டது யார்? செத்தவன் புகார் கொடுப்பானா? புகார் கொடுக்கிறான் என்றால் உயிரோடு இருக்கிறான், சாப்பாடுதான் சரியாக வரவில்லை!

எழுந்து உட்கார்ந்து முதலாம் ஆண்டு ஓம் விதியைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கும். எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். அந்த 0.01 ஓமை நம் மீட்டர் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது. அதற்கு அது வெறும் 'பீப்'தான்!

விடிந்ததும் ஓடினேன். "மாமா, பணத்தைக் கட்டிட்டீங்களா?"

"இல்லடா, பத்து மணிக்குத்தான் போறேன்."

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்தேன். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் போஸ்டில், சிவப்பு முனை கியர்பாக்ஸ் இரும்பில். மாமாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மீட்டர் காட்டியது 1.9 வோல்ட்! 0.2-க்கு மேல் போகக் கூடாது.

"மாமா, கியர்பாக்ஸ கழட்டினீங்களா?"

"ரெண்டு மாசம் முன்னாடி கிளட்ச் பிளேட் மாத்தினோமேடா..."

அங்கேதான் கோளாறு. கழற்றிய எர்த் வயரை எண்ணெயும் மண்ணும் படிந்த இடத்திலேயே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். போல்ட்டும் லூஸ், பச்சைக் களிம்பு வேறு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தால் 0.1 வோல்ட். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. கோடுகளை அழித்தேன்; திரும்ப வரவில்லை. இன்ஜின் எர்த் 2 வோல்ட் மேலே தூக்கியதால்தான் ஈ.சி.யூ.வும் மற்ற மாட்யூல்களும் பேசிக்கொள்ள முடியாமல் திணறியிருக்கின்றன. 45,000 கொடுத்து மாற்றியிருந்தாலும் அதே விளக்குகள் மறுபடி எரிந்திருக்கும்!

செலவு: உப்புத்தாள் 15 ரூபாய், டீ இரண்டு.

இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்:

1. கோடை அழிக்கும் முன் நோட்டில் எழுது. கோடு என்பது அறிகுறி. எந்தப் பாகம் போச்சு என்ற தீர்ப்பு அல்ல.

2. முதலில் பேட்டரி. வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது சாதாரணமாக 14-ஐ ஒட்டி வரும்.

3. எர்த்தை லோடு கொடுத்து அளந்து பார். பீப் சத்தம் சாட்சி ஆகாது.

4. கேன் பஸ் சந்தேகமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 6, 14-ஆம் முள்களுக்கு நடுவே அள. 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால், இணையாக இருக்க வேண்டிய இரண்டு 120 ஓமில் ஒன்று விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

5. 10 ஆம்பியர் ஃபியூஸ் போனால் 10-தான் போட வேண்டும். 20 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

6. மஞ்சள் கனெக்டர் ஏர்பேக், ஆரஞ்சு வயர் எலெக்ட்ரிக் காரின் உயர் அழுத்தம். அங்கே கை வைக்காதே. மீட்டர் முனைகூட வேண்டாம்.

தீபாவளி சவாரி ஓட்டி மாமா செயினை மீட்டுவிட்டார். அந்த நாள் வட்டி மட்டும் என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். அத்தை கோபிக்கவே இல்லை. ஒன்றே ஒன்று சொன்னார்:

"படிச்ச புள்ள சொல்லுதுன்னா நாங்க நம்பிடுவோம்பா. நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

நண்பர்களே, நாளை டிப்ளமோவோடு நாம் வெளியே போகும்போது எத்தனையோ மாமாக்கள் நம்மிடம் வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். அளந்துவிட்டுச் சொல்வோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் பிரிவு