தாத்தாவின் மரணம் எங்கே பதிவானது?



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்பத்தைப் பற்றிய பகுதி வருவதை அறிவீர்கள். அதற்காக மாணவர்களைக் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். பெரும்பாலோரின் மரம் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. சிலர் பெயர் தெரியாமல் ‘தாத்தா’ என்றே எழுதி வந்திருந்தனர். அதைச் சுட்டிக்காட்டி நான் சற்று நீளமாகவே அறிவுரை கூறிக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி, “டீச்சர், உங்க தாத்தா எப்ப இறந்தாங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பாவின் தந்தையைப் பற்றிய வரலாறு ஒரே வரிதான்: சயாமுக்குப் போனவர். அப்பா 1942இல் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, பீடோங்கை ஒட்டிய ஒரு தோட்டத்திலிருந்து தாத்தாவை ஜப்பானியர் இரயில்பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர். அவர் திரும்பவில்லை. ஆனால் பாட்டி 1991இல் கண்மூடும் வரை நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். தீபாவளிக்கு முந்திய நாள் படையலில் முன்னோர்க்கெல்லாம் வேட்டி சேலை எடுத்து வைப்போம். தாத்தாவின் பெயரில் எதுவும் வைக்கப் பாட்டி விடமாட்டார். “இருக்கிற மனுசனுக்கு யாராவது படைப்பாங்களா?” என்பார். அவர் மறைந்த பிறகுதான் அப்பா தம் தந்தைக்கும் ஒரு வேட்டி வைக்கத் தொடங்கினார். மறைந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க இயலவில்லை.

மாணவி கேட்ட கேள்வி உறுத்தவே, பள்ளி விடுமுறையில் தேடத் தொடங்கினேன்.

நம் நாட்டில் மரணத்தைத் தேசியப் பதிவு இலாகா பதிவு செய்கிறது. பழைய பதிவின் சாற்றை விண்ணப்பித்துப் பெறலாம். ஆனால் மரணம் தானாகப் பதிவாவதில்லை. யாரேனும் சென்று தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் இறந்தவருக்குத் தோட்ட நிர்வாகமோ குடும்பத்தாரோ தெரிவித்தார்கள். காஞ்சனபுரிக் காட்டில் இறந்தவருக்கு யார் தெரிவிப்பது? 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கும் மேல் மாண்டனர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. ஆசியத் தொழிலாளர்களின் இழப்பு இதனைப் போல் பல மடங்கு. 90,000 என்பது பலரும் எடுத்துக்காட்டும் மதிப்பீடு. அவர்களுக்கு அப்படிப்பட்ட வரிசை எதுவும் இல்லை. 2023ஆம் ஆண்டில்தான் தமிழர் நினைவாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது.

கெடாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த இரயில்பாதை இணைந்த அதே 1943 அக்டோபரில் கெடா மாநிலமே சயாமின் ஆட்சிக்குக் கைமாறி, போர் முடியும் வரை அவ்வாறே இருந்தது. ஆள்வோர் சில ஆண்டுகளுக்குள் இருமுறை மாறிய நாட்டில், பால்மரம் வெட்டும் ஒரு தொழிலாளியின் பெயர் எந்தக் கோப்பில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது?

ஏழாண்டுகளாகத் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருத 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வழி செய்கிறது. அதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டும். பாட்டியை யாராவது நீதிமன்றத்திற்கு அழைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

போர்க்காலத்தைத் தவிர்த்து, பின்னால் இறந்தவர்களின் பதிவைத் தேடும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினர். ஒரே முனியாண்டி மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பார். இலட்சுமி, ‘லெட்சுமி’ ஆகிவிடுவார். ஆகவே சரியான எழுத்துக்கூட்டலோடு தவறானவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும் இருவிதமாகக் கேட்டு வையுங்கள். பதிவேட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயர் வேறு, நம் பெரியவர்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறாக இருக்கக்கூடும்.

இலாகாவில் வழியில்லை என்றானபின் நாளிதழ்களை நாடினேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. சிங்கப்பூரின் தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். இரண்டு மாலைகள் அதில் கழிந்தன. மரண அறிவித்தல்களைப் போல் சுவையான குடும்ப வரலாறு வேறில்லை என்பது என் கருத்து. மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் எந்த ஊரில் என்ன வேலை என்பதெல்லாம் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நம் மாணவர்கள் வரைய முடியாமல் திணறுகிற மரம் அங்கே அச்சாகியே இருக்கிறது. ஆனால் கட்டத்துக்குக் காசு வேண்டும். கிராணிமார், கடைக்காரர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களே கண்ணில் பட்டன. லயத்தில் இறந்தவர்களைக் காண்பது அரிது.

எங்களுக்கும் ஒரு கட்டம் கிடைத்தது. இணையத்தில் அன்று, அப்பாவின் பிஸ்கட் டின்னில். பாட்டியின் அண்ணன் 1984இல் காலமானபோது அவருடைய பிள்ளைகள் நாளிதழில் கொடுத்த அறிவித்தல் அது. பழுப்பேறி மடிப்பில் கிழிந்திருந்தது. உடன்பிறந்தோர் வரிசையில் எல்லாரும் கணவன் மனைவியாக இணையிணையாக இருந்தனர். இருப்பவர்க்குத் ‘திரு’, மறைந்தவர்க்கு ‘அமரர்’. பாட்டியின் பெயர் மட்டும் தனியாக நின்றது. தாத்தாவுக்குத் ‘திரு’ போடுவதா ‘அமரர்’ போடுவதா என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை போலும், பெயரையே விட்டுவிட்டனர்.

அந்த அறிவித்தலில் பாடாங் செராயில் வாழ்வதாகக் குறித்திருந்த மகளைத் தேடிச் சென்றேன். அத்தைக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. தாத்தாவைப் பற்றி அவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக, “உங்கப்பாவ ஸ்கூல்ல சேத்துவிட்டது எங்கப்பாதான். உங்க பாட்டியும் கூட வந்தாங்க. வாத்தியார் கேட்டதுக்கெல்லாம் அவங்கதான் பதில் சொன்னாங்க” என்றார்.

நானும் ஓர் ஆசிரியை. ஆண்டுதோறும் சேர்க்கைப் பதிவேட்டை எழுதுகிறவள். அந்த ஏட்டைப் பார்க்கலாமே என்று எனக்கு அதுவரை தோன்றாததை எண்ணி வெட்கப்பட்டேன்.

அப்பா படித்த தோட்டப்பள்ளி பிற்காலத்தில் வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டது. அங்குள்ள தலைமையாசிரியரை அணுகி விவரம் கூறியதும், அப்பாவின் வரியை மட்டும் பார்க்க அனுமதித்தார். மற்றவர் குடும்பங்களின் செய்தியும் அதில் இருப்பதால் அவ்வாறு செய்ததே முறை. கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. 1949ஆம் ஆண்டுப் பக்கத்தில் அப்பாவின் பெயர், பிறந்த தேதி. தந்தையின் பெயர் முழுமையாக, எழுத்துப் பிழையின்றித் தமிழில் இருந்தது. அடுத்து, தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ஊதா மையில் சிறிய எழுத்து:

‘சயாமில் காலமானார். தாய் கூறியது.’

நாற்பத்திரண்டு ஆண்டுகள் பாட்டி வீட்டில் ஒருவரிடமும் சொல்லாததை, அந்த வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறார். சட்டம் கேட்கும் ஏழாண்டுகள்கூட அப்போது முடிந்திருக்கவில்லை. மகனைப் பள்ளியில் சேர்ப்பதற்காகச் சொன்னாரா, திரும்பி வந்த யாரேனும் அவரிடம் செய்தி கூறியிருந்தனரா? இனி அறிய வழியில்லை. அதன் பிறகும் குங்குமம் வைத்துக்கொண்டது பொய் என்று நான் கருதவில்லை. எழுதிய ஆசிரியரையும் நினைத்துக்கொள்கிறேன். ‘இல்லை’ என்றோ ஒரு கோடு கிழித்தோ அந்தக் கட்டத்தை அவர் முடித்திருக்கலாம். நானே எத்தனையோ கட்டங்களில் கோடு கிழித்திருக்கிறேன்.

கைப்பேசியில் எடுத்த படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். “அம்மாவா சொன்னாங்க?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, “எனக்கு அப்ப ஏழு வயசு. பக்கத்துலதான் நின்னிருப்பேன்” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியிடம், தேதி கிடைக்கவில்லை, 1949க்கு முன் என்பது மட்டும் தெரியும் என்றேன். வகுப்புக்கு மாதிரியாகப் பலகையில் நான் வரைந்திருந்த என் குடும்ப மரத்தில் தாத்தாவின் கட்டம் காலியாக இருந்தது. அவளே சுண்ணக்கட்டியை எடுத்துச் சென்று அங்கே ‘1949க்கு முன், சயாம்’ என்று எழுதினாள். பிறகு திரும்பி, “பாட்டி சொன்னதுன்னு எழுதணுமா டீச்சர்?” என்று கேட்டாள். எழுதச் சொன்னேன்.