அடித்தளமும் பாடும்

பாரம் சுமப்பவன் பாடமாட்டான் என்பது உலகத்தார் எண்ணம். கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் கண்கள் கடைக்காலைத் தேடிச் செல்வதில்லை. மேலை இசைக்குழுவில் அத்தகைய கடைக்காலாக விளங்குவது டபுள் பாஸ் என்னும் பெருங்கருவி. ஆளுயரம் நிமிர்ந்து நிற்கும் அதற்கு நான்கு தந்திகள். அவற்றுள் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிரும். வயலின்கள் மேலே பாட, இது கீழே நின்று அவற்றைத் தாங்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசையை விருப்பப் பாடமாகப் பயின்ற நாளில், ஐங்கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கக் கற்றேன். பள்ளி அலுவல்கள் ஓய்ந்த இரவுகளில், ஓப்பரா எனப்படும் இத்தாலிய இசைநாடகங்களின் தனிப்பாடல்களை நான்கு டபுள் பாஸ்களுக்கு ஏற்ப மாற்றி எழுதிப் பார்ப்பது என் பொழுதுபோக்காயிற்று. இதனைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், “குயிலின் பாட்டை யானைக்கு ஏன் ஐயா கற்பிக்கிறீர்கள்?” என்று நகைத்தார்.

அந்த நகைப்பு புதியதன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ், 1886-இல் இயற்றிய ‘விலங்குகளின் திருவிழா’வில் யானையாக டபுள் பாஸையே நிறுத்தினார். தேவதைகளின் நடனத்துக்கென்று பெர்லியோஸ் அமைத்திருந்த மெல்லிசையை அதனிடம் கொடுத்து, கேட்போரைச் சிரிக்க வைத்தார். ஓப்பரா மேதை வெர்டியோ இக்கருவியை வேறு விதமாகக் கண்டார். 1851-இல் அரங்கேறிய ‘ரிகொலெட்டோ’வில் கூலிக்குக் கொலை செய்பவன் பேரம் பேசும்போது, ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாஸும் இணைந்து பாடுகின்றன. 1887-இல் வெளிவந்த ‘ஓதெல்லோ’வில், மனைவியைக் கொல்லும் எண்ணத்துடன் கணவன் படுக்கையறைக்குள் நுழைகையில் டபுள் பாஸ்கள் தனித்து ஒலிக்கின்றன. நகைப்புக்கு யானை; அச்சத்துக்குக் கொலையாளி! காதலைப் பாடும் உரிமை இக்கருவிக்கு இல்லையா என்னும் வினா என்னுள் எழுந்தது.

இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடை கூறியவர் இத்தாலியின் கிரேமா நகரில் 1821-இல் பிறந்த ஜியோவானி பொத்தெசினி. 1871 டிசம்பர் 24-ஆம் நாள் கெய்ரோவில் வெர்டியின் ‘ஐடா’ முதன்முதலாக அரங்கேறியபோது, இசைக்குழுவை நடத்தியவர் அவரே. தாம் நடத்தும் ஓப்பராக்களின் இடைவேளையில் டபுள் பாஸை மேடைக்குக் கொணர்ந்து, அந்நாடகப் பாடல்களையே அதில் வாசித்து அவையை வியப்பில் ஆழ்த்துவாராம். பெல்லினி, தொனிசெத்தி ஆகியோரின் மெட்டுகளைக் கொண்டு அவர் இயற்றிய கற்பனை இசைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. அவர் ஒருவராய்ச் செய்ததை நால்வர் கூடிச் செய்ய என்ன வேண்டும் என்பதே என் இரவுப் பாடம்.

தொனிசெத்தி 1832-இல் மிலானில் அளித்த ‘காதல் மருந்து’ நாடகத்தில் ‘ஊனா ஃபுர்தீவா லாக்ரிமா’ என்றொரு பாடல் உண்டு. காதலியின் கண்ணில் மறைவாய்த் துளிர்த்த ஒரு சொட்டுக் கண்ணீரைக் கண்டு, அவள் தன்னை நேசிக்கிறாள் என்று தெளியும் ஓர் ஏழை இளைஞனின் பாட்டு அது. பி பிளாட் மைனரில் அமைந்த அதன் சுரவரிசையில், டபுள் பாஸின் திறந்த தந்திகளான ஈ, ஏ, டி, ஜி ஆகிய நான்கில் ஒன்றுகூட இயல்பாக இடம்பெறவில்லை. பாட்டை அரைச்சுரம் கீழே இறக்கி ஏ மைனருக்குக் கொணர்ந்தால், நான்கும் இடம்பெறுகின்றன! தொடாத தந்திகளும் உடன் அதிர்ந்து கருவியே மலர்கிறது. இறக்கியது அரைச்சுரம், பெற்றதோ முழுக் கருவி.

அடுத்தது இடைவெளி. கீழ்த்தாயியில் இரு சுரங்களை நெருக்கி வைத்தால் ஒலி குழம்பிச் சேறாகிவிடும். ஆதலால் அடியில் இருப்பவற்றை அகலமாக நிறுத்தி, நெருக்கத்தை மேலே கொண்டுபோக வேண்டும். பாடகனின் குரலை முதலாமவர் மெல்லிய தந்தியின் மேற்பகுதியில், பெருவிரலையும் தந்திமேல் அழுத்தி வாசிப்பார். தொடக்கத்தில் பசூன் என்னும் மரக்குழல் பாடும் பகுதி இரண்டாமவர்க்கு. ஹார்ப் என்னும் யாழின் ஒலியை மற்ற இருவரும் வில்லை விடுத்து விரலால் சுண்டி எழுப்புவர்.

எல்லாவற்றினும் அரியது மூச்சு. கருவிக்குச் சொல் இல்லை. ஆயினும் பாடகன் எங்கே மூச்சு வாங்குவானோ அங்கேதான் வில் திரும்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுரத்தின் கீழும் இத்தாலியச் சொல்லை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பின்னரே வில்லுக்குக் குறியிட்டேன். இரண்டாம் சரணத்தில் பாட்டை நான்காமவரிடம் ஒப்படைத்தேன். அதுவரை அடியில் நின்றவர் பாட, முதலாமவர் இறங்கிவந்து அவரைத் தாங்குவார். ஒரே இனக் கருவிகள் கூடிய குழுவில்தான் இத்தகைய இடமாற்றம் இத்துணை எளிதாகிறது.

இவ்வளவு பாடு எதற்கு என்பீர்கள். பாடற்போட்டிக்கு ஆயத்தமான ஒரு மாணவர் குழுவில், குரல் உடைந்த பையனிடம், “நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்று கூறக் கேட்டிருக்கிறேன். அவன் தலை கவிழ்ந்து நின்ற கோலம் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. பின்னாளில் அத்தகைய குரலுடைய மாணவன் ஒருவன் என்னிடம் வந்தபோது, பாட்டை இரண்டு சுரம் இறக்கி, நான்கே சுரங்களுக்குள் அடங்கும் ஒரு கீழ்க்குரல் வரியை அவனுக்கென எழுதிக் கொடுத்தேன். ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று. ஆண்டு விழா மேடையில் அவன் தலைநிமிர்ந்து பாடினான்; அந்த வரியின்மேல் மற்றப் பிள்ளைகளின் குரல்கள் முன்னிலும் உறுதியாக நின்றன.

குரல் இல்லை என்று நாம் ஒதுக்கும் பிள்ளைகளுள் பலர்க்கு உண்மையில் இல்லாதது, அவர்க்கு ஏற்ப எழுதப்பட்ட வரியே. அதனை எழுதித் தருவது, ஆசிரியத் தோழர்களே, நம் தொழில் அன்றோ!