நிளா நதிக்கரையில் திருநாவாய்

மலைநாட்டுத் திவ்ய தேசங்கள் பதின்மூன்றனுள் திருநாவாயும் ஒன்று. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய இத்தலம், ஷொர்ணூரிலிருந்து கோழிக்கோடு செல்லும் இருப்புப்பாதையில், குற்றிப்புறத்துக்கும் திரூருக்கும் இடையே, பாரதப்புழையின் வடகரையில் அமைந்துள்ளது. நவயோகிகள் பிரதிஷ்டை செய்ததாகக் கூறப்படும் நாவாய் முகுந்தன், மலர்மங்கை நாச்சியாருடன் இங்கே சேவை சாதிக்கிறார். எதிர்க்கரையில், தவனூரில், சிவபெருமானுக்கும் பிரம்மதேவனுக்கும் கோயில்கள் உள்ளன. மும்மூர்த்திகளுக்கும் நடுவே நதி ஓடுவதால் இங்கு செய்யும் பித்ரு காரியம் காசிக்கு நிகரானது என்பது அடியார்களின் நம்பிக்கை. நம் ஆடி அமாவாசையை ஒட்டி வரும் கர்க்கடக வாவு நாளில், முன்னோருக்குப் பலி இடுவோர் ஆயிரக்கணக்கில் இப்படித்துறையில் கூடுகின்றனர்.

நிளா என்று மலையாளிகள் அன்புடன் அழைக்கும் இந்நதி நமக்கும் அந்நியமன்று. ஆனைமலையில் பிறந்து, 209 கிலோமீட்டர் ஓடி, பொன்னானியில் கடலோடு கலக்கிறது. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்று போற்றப்படும் பாலக்காட்டு விசுவநாதர் கோயிலும் இதன் கிளையாற்றின் கரையில்தான் உள்ளது.

ஆயினும் கோடையில் திருநாவாய்க்குச் செல்பவர் காண்பது பரந்த மணல்வெளியும், புதர் மண்டிய திட்டுகளும், ஓரமாக ஒதுங்கி ஓடும் சிறு நீரோட்டமும்தான். மேலே அணைகள் நீரைத் தடுத்தன. கீழே பல்லாண்டுகள் மணல் வாரப்பட்டது. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெல்ல மெல்லக் கசியவிடுவது ஆற்று மணலே. அது போனதும் ஆற்றின் படுகை தாழ்ந்தது. கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. கடலின் உப்புநீரும் உள்ளே ஏறத் தொடங்கியது.

இந்நிலையை மாற்ற ‘பாரதப்புழை நண்பர்கள்’ என்னும் அமைப்பின் தலைமையை ஏற்றவர் ஈ. ஸ்ரீதரன். இராமேசுவர யாத்திரை செய்தோர் இப்பெயரை நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்த பொறியாளர் இவரே. பின்னர் கொங்கண் இரயில்வேயை அமைத்து, தில்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக விளங்கி, 2011 இறுதியில், எண்பதை நெருங்கும் வயதில், ஓய்வு பெற்றார். அதன்பின் பொன்னானியில், அதாவது நிளை கடலைச் சேரும் ஊரில், குடியமர்ந்தார்.

ஊதியமும் பதவிச் சலுகையும் இல்லாத பணி இது. திருநாவாயையும் தவனூரையும் இணைக்கும் புதிய பாலத்தின் பாதை மும்மூர்த்தித் தலத்தின் புனிதத்தைக் குலைக்கும் என்று அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். பாலமே வேண்டாம் என்பதன்று அவர் வாதம். அதனை வேறு தடத்தில் அமைக்கலாம் என்பதே. வாழ்நாளெல்லாம் பாலம் கட்டியவர் சொல்லும்போது அச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு.

தர்ப்பணத்துக்கு எள்ளும் தர்ப்பையும் கடையில் கிடைக்கும். ஓடும் நீர் கடையில் கிடைக்காது. நாவாய் முகுந்தனைச் சேவிக்கச் செல்வோர், பழைய துணியையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் விடாமல் திரும்பினால், அதுவும் அந்த முதியவரின் கைங்கரியத்தில் ஒரு பங்காகும். பேரப்பிள்ளைகள் நம் பெயரைச் சொல்லி நீர் வார்க்கும் நாளிலும் நிளையில் நீர் இருக்க வேண்டுமல்லவா?