மங்கலுக்குப் பின்னால் ஒரு முகம்

டாக்டர் அறைக் கதவு, குளியலறை ஜன்னல், மேனேஜரின் கேபின் - மங்கல் கண்ணாடி இல்லாத இடம் குறைவு. உள்ளே ஆள் இருப்பது தெரியும். யார் என்று தெரியாது. சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வித்தை இது. கண்ணாடியை விட்டு விலகி நிற்பவர் கரைந்துபோவார். ஒட்டி நிற்பவரை அடையாளம் காணலாம்.

கம்ப்யூட்டரில் இதைச் செய்வது சுலபம். 1990இல் அறிமுகமான ஃபோட்டோஷாப்பின் 'கிளாஸ்' ஃபில்டரில் 'ஃப்ராஸ்டட்' என்றே ஒரு தேர்வு உண்டு. அல்லது படத்தின் நகலை இன்னொரு லேயராக மேலே வைத்து, 'காஸியன் ப்ளர்' கொடுத்து, கொஞ்சம் வெண்மையும் 'நாய்ஸ்' புள்ளிகளும் சேர்த்து, வேண்டிய பகுதிக்கு மட்டும் மாஸ்க் போடலாம். ஐந்து நிமிட வேலை.

கல்யாணப் பத்திரிகைக்கு அது அழகு. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண்ணின் படம் பத்திரிகை வடிவமைப்பாளரின் மேஜைக்கு வரும்போது? 1983இலேயே இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்க்கப்பட்டது; 2024 ஜூலை முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72வது பிரிவு. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை.

அங்கே ஃபில்டரை நம்புவது ஆபத்து. லேயர்களை ஒன்றாக்காமல் ஃபைலை அனுப்பினால், அடியில் அசல் முகம் அப்படியே இருக்கும். உருவத்தை வளைப்பதும் அழிப்பதாகாது. இன்டர்போல் தேடிய ஒரு குற்றவாளி தன் முகத்தைச் சுழல்போலச் சுழற்றி மறைத்திருந்தான். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அதைத் திருப்பிச் சுழற்றி முகத்தை மீட்டார்கள். 2007இல் தாய்லாந்தில் அவன் பிடிபட்டான். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த அதே பலவீனம், பாதிக்கப்பட்டவரையும் காட்டிக்கொடுக்கலாம். விவரம் அறிந்தவர்கள் முகத்தின் மேல் முதலில் ஒரே நிறத்தைப் பூசி அழித்துவிட்டு, பிறகே மங்கல் போடுகிறார்கள்.

அதுவும் போதாது. பீகாரின் முசாஃபர்பூர் காப்பகச் சிறுமிகள் விஷயத்தில், மங்கலாக்கிய படங்களைக்கூடக் காட்டக் கூடாது என்று 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சிகளுக்குத் தடை விதித்தது. காரணம் புரியாததல்ல. ஊர் தெரியாதவருக்குத்தான் முகம் வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு நிற்கும் விதம், தாவணியின் நிறம், பின்னால் தெரியும் வாசல் போதும். ஒட்டி நிற்பவர்களிடமிருந்து எந்தக் கண்ணாடியும் மறைப்பதில்லை. அந்தப் பெண் பயப்படுவதோ அவர்களுக்குத்தான். மங்கல் எவ்வளவு என்பதல்ல, அந்தப் படம் தேவைதானா என்பதே மேஜையில் முதலில் எழ வேண்டிய கேள்வி.