ஒன்பதாம் துடிப்பு

கதை சொல்பவருக்கு ‘உம்’ கொட்ட ஒருவர் வேண்டும். ‘உம்’ நின்றுவிட்டால், பிள்ளை உறங்கிவிட்டது என்று பாட்டி கதையை நிறுத்திவிடுவார். மின்னணுக் கருவிகளோடு பல்லாண்டு பழகிய எனக்கு, அவற்றின் உரையாடலிலும் அந்த ‘உம்’ இருப்பது இன்றும் வியப்பளிக்கிறது.

நுண்கட்டுப்படுத்தியும் பிற சில்லுகளும் செய்தி பரிமாறிக்கொள்ள, பிலிப்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் ‘ஐ ஸ்கொயர் சி’ என்னும் முறையை உருவாக்கியது. அதற்கு இரண்டே கம்பிகள். ஒன்று தரவுக்கு, மற்றொன்று காலத் துடிப்புக்கு. எட்டுத் துடிப்புகளில் எட்டு பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒன்பதாம் துடிப்பில், அனுப்பும் கருவி தரவுக் கம்பியைத் தன் பிடியிலிருந்து விட்டுவிடும். அப்போது பெறும் கருவி அக்கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்தினால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்பது பொருள். இதுவே ஒப்புகைக் குறிப்பு.

என் மனத்தைக் கவர்ந்த நுட்பம் இதில் ஒன்றுண்டு. எவரும் தாழ்த்தாதபோது, மின்தடை ஒன்று அக்கம்பியை உயர்நிலையிலேயே இருத்தும். ஆகவே, கருவியே இல்லாவிட்டாலும், அதற்குச் செல்லும் தரவுக் கம்பி அறுந்திருந்தாலும், விடை ‘இல்லை’ என்றே அமையும். ‘மௌனம் சம்மதம்’ என்பது மனிதர் வழக்கு. இங்கோ மௌனம் மறுப்பாகும். ‘ஆம்’ என்பதற்கே முயற்சி வேண்டும்.

மறுப்பெல்லாம் பிழையும் அன்று. அழித்தெழுதும் நினைவகச் சில்லு, தரவைத் தன்னுள் பதிக்கும் சில மில்லி நொடிகளில் அழைப்புக்கு விடை தராது. பொறுத்திருந்து மீண்டும் அழைத்தால் ‘உம்’ கொட்டும். கட்டுப்படுத்தி, தான் படிக்கும் இறுதி பைட்டுக்கு ஒப்புகை தராதிருப்பது ‘போதும்’ என்னும் அறிவிப்பு.

ஒப்புகையைப் பொருட்படுத்தாமல் நிரல் எழுதினால் என்ன நேரும்? பல தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காக்க வேண்டும். அவற்றின் குளிர்பெட்டியில் வெப்ப உணரியின் இணைப்பு அறுந்துவிட்டதாகக் கொள்வோம். விடை வராததைக் கவனியாத நிரல், முன்பு பெற்ற 5 பாகையையே திரையில் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். உள்ளே மருந்து கெடும். வெளியே எவரும் அறியார். எனவேதான், எந்தப் புதிய நிரலைக் கண்டாலும் ஒன்பதாம் துடிப்பை அது என்ன செய்கிறது என்றே நான் முதலில் தேடுகிறேன்.

எனினும், ஒப்புகைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘வந்தது’ என்று அது சொல்லும்; ‘பிழையின்றி வந்தது’ என்று சொல்லாது. அதனை உறுதிசெய்யத் தனியே சோதனை எண் வேண்டும். ‘உம்’ கொட்டிய பிள்ளைக்குக் கதை விளங்கிற்றா என்பதை அறிய, பாட்டியும் இடையிடையே ஒரு கேள்வி கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.