ஜுடிஷியல் வேறு, ஜுடிஷியஸ் வேறு

தரம் 11 பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் அடிக்கடி இடம் மாறி நிற்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல ஏலாது. தீர்ப்பைக் குறிக்கும் "யூடிசியம்" என்ற லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் மூலம். முதலாவது நீதிமன்றம் சார்ந்தது. மற்றது பிரெஞ்சு வழியாக வந்தது: யோசித்து, அளவறிந்து நடப்பது. மருந்தை, தண்ணீரை, காசை அளவோடு பாவித்தால் "ஜுடிஷியஸ் யூஸ்". நல்ல புத்திமதிக்கும் சொல்லலாம், அதைச் சொன்ன ஆளுக்கும் சொல்லலாம்.

அரபியிலும் இப்படித்தான். ஹாகிம் என்றால் தீர்ப்பளிப்பவர், ஹகீம் என்றால் ஞானமுள்ளவர். ஒரே வேர், நெடில் மட்டும் இடம் மாறுகிறது.

நமது காதி நீதவான்களை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. ஆகவே அது ஜுடிஷியல் பதவி, சந்தேகமில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு நல்லொழுக்கம், அந்தஸ்து, பொருத்தமான தகைமை மூன்றையும் கேட்கிறது. ஜுடிஷியஸான ஒருவரைத் தேடுகிறார்கள் என்று விளங்குகிறது. கூடவே ஆணாகவும் இருக்க வேண்டுமாம். அது எதற்கு?

தாபரிப்புக் கேட்டு, கைப்பிள்ளையோடு அந்த மேசைக்கு முன்னால் உட்காருகிறவள் பெண். பால்மாவுக்கும் வீட்டு வாடகைக்கும் மாதம் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவளும் அவள்தான்.

2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. பெண்கள் காதியாகலாமா என்ற இடத்தில் குழுவே இரண்டாகப் பிரிந்து நின்றது.